ஒரு புள்ளியில் தவறிய கணக்கு: இரத்தம் சொல்லும் செய்தியின் நூறாண்டு வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட பெரியவர்கள் இருந்தால் அவசியம் படியுங்கள்.

சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு இரத்தப் பரிசோதனைச் சீட்டை அனுப்பியிருந்தார். அவருடைய அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பு மூட்டு மாற்றியிருக்கிறார்கள். இப்போது தொடை இடுக்கில் வலி. "சார், சி.ஆர்.பி. 3 தான் இருக்கு. நார்மல்தானே சார்?" என்று கேட்டிருந்தார். போட்டோவில் சீட்டின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. உடனே போன் செய்து, "எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கு, அதைப் படி" என்றேன். எனக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்று அவருக்குப் புரிந்திருக்காது. காரணம் என் மாமா. அதாவது என் அக்காவின் கணவர்.

மாமா பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷெட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். சுண்ணாம்புத் தண்ணீரும் கொழுப்பும் கலந்த தரை எப்படி வழுக்கும் என்று நம் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015-ல் அந்தத் தரையில் விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. இடுப்பு மூட்டை மாற்றினார்கள். நன்றாகவே நடந்தார். 2017-ல் மெல்ல வலி ஆரம்பித்தது. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, சீழ் இல்லை. உள்ளூரில் இரத்தம் சோதித்தார்கள். சி.ஆர்.பி. 2.4 என்று வந்தது. அக்கா போனில் எண்ணைப் படித்தார். மாமாவின் பழைய சீட்டில் 'இயல்பு: 10-க்குள்' என்று பார்த்தது எனக்கு ஞாபகம் இருந்தது. "பத்துக்கு ரெண்டரைகூட இல்லை. ஒன்றும் பயமில்லை அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பழைய சீட்டு வேறு பரிசோதனை நிலையத்துடையது. அதில் அளவு ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். புதிய சீட்டில் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். பத்து டெசிலிட்டர் ஒரு லிட்டர். ஆக, மாமாவின் 2.4 உண்மையில் 24. கிலோ, ஹெக்டோ, டெக்கா, மீட்டர், டெசி, சென்டி, மில்லி என்று முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்த நான் அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தேன். மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரையிலும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையிலும் நான்கு மாதம் போனது.

அதன் பிறகுதான் இந்தச் சோதனைகள் எங்கிருந்து வந்தன, என்ன சொல்கின்றன, என்ன சொல்லாது என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்கிறேன்.

இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் நிற்க வைத்தால் சிவப்பணுக்கள் மெல்லக் கீழே படியும். நோயாளியின் இரத்தம் வேறு விதமாகப் படிகிறது என்பதை, இரத்தத்தை வடித்து வைத்தியம் பார்த்த காலத்து மருத்துவர்களே கவனித்திருக்கிறார்கள். இதை முறையாக அளந்து 1897-ல் எழுதியவர் போலந்து நாட்டு மருத்துவர் எட்மண்ட் பியர்னாட்ஸ்கி. 1918-ல் சுவீடனைச் சேர்ந்த ராபின் ஃபோரியஸ் இதையே கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையாக்க முடியுமா என்று பார்த்தார். கர்ப்பிணிகளின் இரத்தம் வேகமாகப் படிந்தது உண்மைதான். ஆனால் வேறு பல நோயாளிகளின் இரத்தமும் அப்படியே படிந்தது. அவர் தேடியது கிடைக்கவில்லை. உடம்பில் எங்கோ கலவரம் நடக்கிறது என்று மட்டும் சொல்லும் ஒரு பொதுவான அடையாளம் கிடைத்தது.

1921-ல் இன்னொரு சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் வெஸ்டர்கிரன் இதைக் காசநோயாளிகளிடம் பயன்படுத்தினார். 200 மில்லிமீட்டர் வரை கோடு போட்ட மெல்லிய குழாயை நேராக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்று பார்த்தார். இதுதான் நாம் இன்று ஈ.எஸ்.ஆர். என்று சொல்லும் சோதனை. குழாய் இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

இதன் சூட்சுமம் எளிது. சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும் இயல்புள்ளவை. உடம்பில் அழற்சி வந்தால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் இரத்தத்தில் கூடும். அப்போது அணுக்கள் சில்லறைக் காசை அடுக்கியது போல ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது கனமாகும். கனமானது வேகமாக இறங்கும்.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ஓய்வும் சத்தான உணவும் நல்ல காற்றும்தான் வைத்தியம். மதனப்பள்ளி பக்கம் ஆரோக்கியவரத்தில் 1915-ல் தொடங்கிய சானடோரியமும், 1928-ல் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியமும் அந்தக் காலத்தவை. அப்படிப்பட்ட வைத்தியத்தில் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் இந்தச் சோதனை உதவியது. ஒரு நாள் எண்ணை வைத்து ஒருவருக்குக் காசநோய் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. போன மாதம் 60, இந்த மாதம் 45, அடுத்த மாதம் 30 என்று இறங்கி வந்தால் நோயாளி தேறுகிறார் என்று நம்பலாம். இது ஆரம்பத்திலிருந்தே தொடர்ந்து பார்ப்பதற்கான சோதனை. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்தது சி.ஆர்.பி. 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்ற பொருளோடு நோயாளியின் இரத்தநீரைக் கலந்தால் ஒரு வண்டல் உண்டானது. நோயாளி தேறியதும் அந்த வண்டல் வரவில்லை. பெயரில் உள்ள 'சி' அந்தக் கிருமிப் பொருளின் எழுத்துதான். இந்தப் புரதத்தைச் செய்வது கிருமி இல்லை, நம்முடைய கல்லீரல். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் சில மணி நேரத்தில் இதை உற்பத்தி செய்து இரத்தத்தில் விடும். இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். அழற்சி நின்றுவிட்டால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியாகக் குறையும். ஈ.எஸ்.ஆர். மாட்டு வண்டி என்றால் சி.ஆர்.பி. மோட்டார் சைக்கிள். சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும்.

இனி இடுப்பு மூட்டுக்கு வருவோம்.

செயற்கை மூட்டின் கதையே கிருமியோடு நடந்த சண்டையில்தான் தொடங்குகிறது. 1890-ல் பெர்லினில் தெமிஸ்டோக்ளஸ் குளுக் என்ற அறுவை மருத்துவர், காசநோயால் அழிந்த மூட்டுகளை எடுத்துவிட்டு யானைத் தந்தத்தில் செய்த மூட்டுகளைப் பொருத்தினார். ஆரம்பத்தில் நோயாளிகள் நடந்தார்கள். பிறகு கிருமி பிடித்துத் தோற்றது. கிருமி இருந்த இடத்திலேயே புதிய பொருளை வைத்ததன் விளைவு அது.

எழுபது வருடம் கழித்து அதே கனவை நனவாக்கியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. அவர் வேலை செய்த ரைட்டிங்டன் மருத்துவமனை 1933-ல் காசநோய் மருத்துவமனையாகத் தொடங்கப்பட்டது என்பது ஒரு சுவையான செய்தி. காசநோய்க்கு மருந்து வந்த பிறகு அந்தக் கட்டில்கள் மூட்டு நோயாளிகளுக்குக் கிடைத்தன. 1962 நவம்பரில் எஃகுத் தண்டையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் வைத்து அவர் செய்த மூட்டுதான் இன்றைய மூட்டுகளுக்கெல்லாம் முன்னோடி. ஆரம்ப காலத்தில் அவருடைய நோயாளிகளிலும் நூற்றுக்கு ஏழு பேருக்குக் குறையாமல் கிருமி பிடித்தது. அவர் அறுவை அறைக்குள் ஒரு கண்ணாடிக் கூண்டு போலக் கட்டி, வடிகட்டிய சுத்தக் காற்றை அதற்குள் செலுத்தினார். அறுவை செய்பவர்கள் உடம்பு முழுவதும் மூடிய உடை அணிந்தார்கள். விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போனது. 1970-ல் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ஸ் என்பவர் மூட்டை ஒட்டவைக்கும் சிமெண்டிலேயே ஜென்டாமைசின் மருந்தைக் கலந்தார். அது இன்னொரு பெரிய படி.

இவ்வளவு முன்னேறியும் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குக் கிருமி பிடிக்கத்தான் செய்கிறது. உலோகத்துக்கு இரத்த ஓட்டம் கிடையாது. அதில் கிருமி ஒட்டிக்கொண்டு, குளத்துப் படிக்கட்டில் பாசி படிவது போல ஒரு வழுவழுப்பான படலத்தைக் கட்டிக்கொள்ளும். மருந்தும் வெள்ளணுவும் அதற்குள் எளிதில் நுழைய முடியாது. கிருமி அங்கே மாதக்கணக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும். காய்ச்சல்கூட வராது.

இந்த இடத்தில் நம் வேலூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோயே சதையை அழுக வைக்கிறது என்றுதான் அதுவரை நம்பினார்கள். அவர் கண்டது வேறு. நரம்பு மரத்துப்போவதால் அவர்களுக்கு வலி தெரிவதில்லை. சூடு பட்டாலும் ஆணி குத்தினாலும் கவனிப்பதில்லை. காயம் மேல் காயம் பட்டு, கிருமி ஏறி விரல் போகிறது. வலி என்ற காவல்காரன் இல்லாததால் வந்த நஷ்டம் அது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது என்பது நம் மண்ணில் கண்டறிந்த பாடம். உலோக மூட்டில் பதுங்கிய கிருமிக்கும் அதே பாடம்தான். அங்கே உடம்பு சத்தமாகக் கத்தாது. முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பைக் கேட்பதற்குத்தான் ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும்.

மூட்டு மாற்றிய பிறகு வலி வந்தால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். மூட்டு வெறுமனே தளர்ந்திருக்கலாம், அல்லது கிருமி பிடித்திருக்கலாம். எக்ஸ்ரேயில் பல நேரம் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஆனால் வைத்தியம் வேறு. தளர்ச்சி மட்டும் என்றால் ஒரே அறுவையில் பழையதை எடுத்துப் புதியதை வைத்துவிடலாம். கிருமி என்றால் பல இடங்களில் இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். முதலில் மூட்டை எடுத்துச் சுத்தம் செய்து, மருந்து கலந்த சிமெண்டில் ஒரு தற்காலிக மூட்டை வைப்பார்கள். சில வாரம் ஆன்டிபயாட்டிக். கிருமி போனது என்று நம்பிக்கை வந்தபின் புதிய மூட்டு. கிருமி இருப்பது தெரியாமல் புதியதை வைத்தால் குளுக்குக்கு நடந்ததுதான் நமக்கும் நடக்கும்.

அதனால் மறு அறுவைக்கு முன் இந்த இரண்டு சோதனைகளையும் பார்க்கிறார்கள். 2011-ல் அமெரிக்க மூட்டுக் கிருமி நிபுணர்கள் பொதுவான வரையறை ஒன்றை வகுத்தார்கள். 2018-ல் அது திருத்தப்பட்டது. அறுவை முடிந்து நாட்பட்ட மூட்டுக்கு சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல், ஈ.எஸ்.ஆர். மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் வந்தால் மூட்டுக்குள் ஊசி போட்டு நீர் எடுத்து, வெள்ளணுக்களை எண்ணி, கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். இரத்தச் சோதனை கதவைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்வது மூட்டு நீர்தான்.

இந்த எண்கள் ஏமாற்றவும் செய்யும். ஈ.எஸ்.ஆர். வயதோடு ஏறும். பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். இரத்தசோகை இருந்தால் இன்னும் அதிகம். முடக்குவாதம் இருந்தால் இரண்டுமே ஏறியிருக்கும். சளி, சிறுநீர்த் தொற்று, பல் வேர்ச் சீழ் எதுவும் சி.ஆர்.பி.யை ஏற்றும். 2006-ல் சிக்குன்குனியா வந்து ஊரே மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்ததே, அது போன்ற காய்ச்சலிலும் ஏறும். மறுபுறம், வீரியம் குறைந்த சில கிருமிகள் மூட்டில் இருந்தும் இரண்டு எண்களும் இயல்பாகவே வருவதுண்டு. 1993-க்குப் பிறகு புரோகால்சிடோனின், பின்னர் இன்டர்லூக்கின்-6, டி-டைமர் என்று வேறு சோதனைகளும் வந்தன. புரோகால்சிடோனின் இரத்தம் முழுக்கக் கிருமி பரவிய நிலையில் நல்ல வழிகாட்டி. மூட்டில் பதுங்கிய கிருமியைப் பிடிப்பதில் அவ்வளவு கெட்டியில்லை. அதனால்தான் நூறு வருடக் கிழவனான ஈ.எஸ்.ஆர். இன்னும் ஓய்வு பெறவில்லை. என்னை மாதிரி இல்லை.

அப்படியானால் எதை நம்புவது? வெஸ்டர்கிரன் காசநோயாளிகளிடம் செய்ததைத்தான். வரிசையைப் பார்க்க வேண்டும். அறுவை முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளில் சி.ஆர்.பி. நூறைத் தாண்டுவது சகஜம். கத்தி பட்ட காயத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது. பிறகு இறங்கிக்கொண்டே வந்து சுமார் மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் இயல்புக்கு வரும். ஈ.எஸ்.ஆர். இறங்க மாதங்கள் ஆகும். இறங்கியது மறுபடி ஏறினால், அல்லது இறங்காமல் நின்றால், அங்கேதான் விழித்துக்கொள்ள வேண்டும். சரித்திரப் பாடத்தில் ஒரே ஒரு ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு எதுவும் புரியாது. முன்னால் என்ன, பின்னால் என்ன என்று தெரிந்தவனுக்கே புரியும். இரத்தச் சீட்டும் அப்படித்தான்.

மாமாவின் கதையை முடிக்கிறேன். நான்கு மாதம் கழித்து ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே இருந்த இளம் டாக்டர் முதலில் கேட்டது, "பழைய சீட்டெல்லாம் இருக்கா?" என்றுதான். அக்கா ஒரு மஞ்சள் பையில் எல்லாவற்றையும் வைத்திருந்தார். டாக்டர் தேதி வாரியாக மேசையில் அடுக்கினார். அந்த 2.4-ஐப் பார்த்து, பக்கத்தில் பென்சிலால் 24 என்று எழுதினார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் தலை குனிந்தது.

அன்றைக்கு ஈ.எஸ்.ஆர். 68, சி.ஆர்.பி. 41. ஆனால் கடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் மூட்டு நீரில் கிருமி வளராமல் போகலாம் என்று சொல்லி, மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். எடுத்த நீரில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி வளர்ந்தது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றும் தெரிந்தது.

இத்தனையையும் டாக்டர் மாமாவுக்கு விளக்கியபோது அவர் சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்வேன். "பச்சைத் தோல்ல முடியப் புடுங்கிப் பாக்கற மாதிரிதான சார்?" என்றார். ஷெட்டுக்கு வரும் பச்சைத் தோல் மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே கெட ஆரம்பித்திருந்தால் முடியைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிடும். ஒரு இடத்தில் இழுத்துப் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். நாலு இடத்தில் பார்ப்பார்கள். டாக்டர் சிரித்துவிட்டார். நான் புத்தகத்தில் தேடிப் படித்ததை மாமா கையாலேயே தெரிந்து வைத்திருந்தார்.

முதல் அறுவையில் மூட்டை எடுத்தார்கள். மூன்றாம் நாள் சி.ஆர்.பி. 112. இரண்டாம் வாரம் 36. ஆறாம் வாரம் 14. ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி, மறுபடி ஏறுகிறதா என்று பார்த்தார்கள். 8 ஆனது. எண் இறங்கியதால் மட்டும் முடிவு செய்யவில்லை. புண் ஆறியதையும் வலி குறைந்ததையும் சேர்த்துப் பார்த்தே மூன்றாவது மாத முடிவில் புதிய மூட்டை வைத்தார்கள். ஒரு கால் கொஞ்சம் குட்டை. கைத்தடியோடு நடக்கிறார். தினமும் சாயங்காலம் டீக்கடை வரை போய்வருகிறார்.

தாமதத்துக்கு நானும் ஒரு காரணம் என்று ஒரு நாள் அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "இன்னா மச்சான், ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் கணக்கு சொல்லிக் குடுத்த. எனக்கு மட்டும் புள்ளிய எங்க வெக்கிறதுன்னு மறந்துட்டியே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. நான்கு மாதம் முன்பே பார்த்திருந்தால் எலும்பு இவ்வளவு அரித்திருக்காதோ என்னவோ.

மாணவரின் அம்மாவுக்கு வருவோம். சீட்டில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்றுதான் இருந்ததாம். மூச்சு வந்தது. "ஆனாலும் நான் சொல்கிறேன் என்று இருந்துவிடாதே. வலி இருக்கிறது. எக்ஸ்ரேயோடு அறுவை செய்த டாக்டரிடமே காட்டு" என்றேன்.

நான் மருத்துவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி வகுப்பறையில் நின்றவன் மட்டுமே. ஆகவே ஒரு ஆசிரியராகச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

1. சீட்டில் எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள். அந்தச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும் இயல்பு அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

2. முடிந்தவரை ஒரே பரிசோதனை நிலையத்தில் எடுங்கள். எல்லாச் சீட்டையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் வையுங்கள்.

3. செயற்கை மூட்டில் புதிதாக வலி வந்தால் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது கிருமியைக் கொல்லாமல் ஒளித்து வைத்துவிடும்.

4. சமீபத்தில் காய்ச்சல், பல் வலி, சிறுநீர்க் கடுப்பு இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

5. எண் இயல்பாக இருந்தும் வலி போகவில்லை என்றால் விடாமல் கேளுங்கள்.

அக்காவின் அந்த மஞ்சள் பை இப்போது என் அலமாரியில் இருக்கிறது. பென்சிலால் எழுதிய அந்த 24 இன்னும் அழியவில்லை. அழிக்கவும் மாட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.